வாங்குபவரே சட்டம் எழுதும் வியாபாரம்: தற்காப்பு நிறுவனங்களை அரசின் கொள்கை எப்படி நகர்த்துகிறது?

2022 ஆகஸ்ட் மாதம் மலேசிய நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை வந்த வாரத்தில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தாலும் கப்பல் பேச்சுதான். கடற்படைக்கு ஆறு போர்க்கப்பல் கட்டித் தர பேராக் மாநிலத்தில் லுமுட்டில் உள்ள கப்பல் கட்டும் தளத்துக்குச் சுமார் 9 பில்லியன் ரிங்கிட் குத்தகை. அதில் 6 பில்லியனுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. அட்டவணைப்படி ஐந்து கப்பல்கள் வந்திருக்க வேண்டிய நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. "காசு போச்சு, கப்பலைக் காணோம்" என்று பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கோபம் நியாயமானது. எனக்கும் இருந்தது, இன்னும் இருக்கிறது.

ஆனால் பேச்சு அப்புறம் வேறு பக்கம் போனது. "ஆயுதக் கம்பெனிக்காரன் நினைத்தால் எந்த அரசாங்கத்தையும் ஆட்டி வைப்பான்" என்றார் ஒருவர். "எங்கேயாவது சண்டை வந்தால் போதும், அவனுக்குக் கொண்டாட்டம்" என்றார் இன்னொருவர். வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் சுற்றுகிற பேச்சு இது. கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் தலைகீழாகப் பிடித்த உண்மை. தற்காப்புத் தொழிலில் ஒரு நிறுவனம் எதைத் தயாரிக்கிறது, யாரோடு கூட்டுச் சேர்கிறது, எங்கே ஆலை கட்டுகிறது, எப்போது கை கட்டிக் காத்திருக்கிறது என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது அரசாங்கம் எழுதி வைக்கிற விதிகள்தான். அந்த விதிகளைப் படிக்காமல் கம்பெனியை மட்டும் திட்டினால், அடுத்த கப்பலும் இதே மாதிரிதான் தாமதமாகும்.

எனக்குப் புரிந்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீன்.

சித்தியின் குவாலி

என் சித்தி செந்தூல் பக்கம் ஒரு பள்ளியில் ஆறு ஆண்டு கேண்டீன் நடத்தினார். வெளியில் பார்ப்பவர்களுக்கு அது ஒரு சாப்பாட்டுக்கடை. ஆனால் சாலையோரக் கடைக்காரருக்கு இருக்கிற சுதந்திரத்தில் பாதிகூடச் சித்திக்குக் கிடையாது. என்ன விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் வழிகாட்டி சொல்லும். மிட்டாயும் கலர் தண்ணியும் கூடாது. விலைப்பட்டியலைப் பள்ளி ஒப்புக்கொள்ள வேண்டும். குத்தகை முடிந்தால் மறுபடி டெண்டர் எழுத வேண்டும். வசதி குறைந்த பிள்ளைகளுக்கான கூடுதல் உணவுத் திட்டத்தில் தட்டு எத்தனை, ஒரு தட்டுக்கு எவ்வளவு, திங்கட்கிழமை என்ன சமைக்க வேண்டும் என்பதுவரை மேலிருந்தே வரும். பணத்தைக் கொடுப்பதும் அரசாங்கம்தான்.

ஓர் ஆண்டு அந்தத் திட்டத்தில் 150 பிள்ளைகள் என்று பட்டியல் வந்தது. சித்தி சேமிப்பை எடுத்து, மீகூன் பிரட்டுவதற்கு ஒரு பெரிய குவாலியும் (வாணலி) அதற்கேற்ற அடுப்பும் வாங்கினார். உதவிக்கு இன்னொரு அக்காவையும் சேர்த்துக்கொண்டார். மறு ஆண்டு பட்டியல் 90 பேராகச் சுருங்கியது. வேறு யாருக்கும் தேவைப்படாத அளவுக்குப் பெரிய அந்தக் குவாலி, வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டுக் கிடந்தது. ஒருமுறை பணம் வர மூன்று மாதம் இழுத்தபோது, கைவளையலை அடகு வைத்துத்தான் கோழிக்காரருக்குப் பாக்கியைக் கொடுத்தார்.

சித்தி கெட்டிக்காரர், கைச்சுத்தமானவர். ஆனால் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும், அதாவது என்ன வாங்குவது, யாரை வேலைக்குச் சேர்ப்பது, எவ்வளவு கடன் படுவது என்பதெல்லாம், அமைச்சிலிருந்து வந்த ஒரு காகிதத்துக்குச் சொன்ன பதில். இந்தக் குவாலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லுமுட்டுக்குப் போகும்போது அது மறுபடியும் வரும்.

ஒரே ஒரு வாடிக்கையாளர்

கார் விற்கிற கம்பெனிக்கு லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள். ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார். போர்க்கப்பல் விற்கிற கம்பெனிக்குத் தன் நாட்டில் ஒரே வாடிக்கையாளர்: தற்காப்பு அமைச்சு. விற்பவர் பலர் இருக்கலாம், வாங்குபவர் ஒருவர்தான் என்ற நிலையைப் பொருளாதாரத்தில் ஒற்றை வாங்குநர் சந்தை என்பார்கள்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த ஒற்றை வாங்குநர் வெறும் வாடிக்கையாளராக மட்டும் இருப்பதில்லை. தொழில் நடத்த உரிமம் கொடுப்பதும் அவர். வெளிநாட்டுக்கு விற்க அனுமதி கொடுப்பதும் அவர். பல நாடுகளில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதும், கம்பெனியில் பங்கு வைத்திருப்பதும் அவரே. லுமுட் தளம் அன்று சேர்ந்திருந்த குழுமத்தில் பெரும்பங்கு, நம் படைவீரர்களின் சேமிப்பைப் பராமரிக்கும் ஆயுதப்படை நிதி வாரியத்திடம் இருந்தது. யோசித்துப் பாருங்கள்: கப்பல் தாமதமானால் கடற்படைக்கும் நட்டம், அதே வீரர்களின் ஓய்வுக்காலப் பணத்துக்கும் நட்டம்.

கோலாலம்பூரில் 1988 முதல் டிஎஸ்ஏ என்ற தற்காப்புக் கண்காட்சி நடக்கிறது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பல நாட்டுக் கம்பெனிகள் கடை விரிக்கும். பார்த்தால் பெரிய சந்தை போலத்தான் இருக்கும். ஆனால் அங்கே எந்தப் பொருளிலும் விலைச்சீட்டு தொங்காது. எல்லாக் கடைகளும் காத்திருப்பது அமைச்சர்கள், தளபதிகள், கொள்முதல் அதிகாரிகள் என்ற ஒரு சிறு கூட்டத்துக்காக. அந்தக் கூட்டத்தின் தேவை மாறினால் கடையே மாறும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வாங்குபவர் ஒருவர், அவரே விதி எழுதுபவர். இனி, அந்த விதிகள் எந்தெந்த வழியாகக் கம்பெனிக்குள் நுழைகின்றன என்று பார்ப்போம்.

பட்ஜெட் சுருங்கினால், விரிந்தால்

முதல் வழி பணம். இதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஓர் இரவு விருந்து. சோவியத் யூனியன் உடைந்த பிறகு அமெரிக்கா தன் ராணுவச் செலவைக் குறைக்க முடிவு செய்தது. 1993-ல் தற்காப்புச் செயலாளர் லெஸ் ஆஸ்பின் பெரிய ஆயுத நிறுவனங்களின் தலைவர்களைப் பென்டகனுக்கு விருந்துக்கு அழைத்தார். அவருடைய துணைச் செயலாளர் வில்லியம் பெர்ரி விஷயத்தை உடைத்துச் சொன்னார்: உங்கள் எல்லோருக்கும் போதுமான வேலை இனி எங்களிடம் இல்லை, நீங்கள் ஒருவரோடொருவர் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். அந்த விருந்துக்குப் பின்னாளில் 'கடைசி இராவுணவு' என்றே பெயர் வந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் நடந்ததைப் பாருங்கள். 1995-ல் லாக்ஹீடும் மார்ட்டின் மரியட்டாவும் இணைந்தன. 1997-ல் மெக்டானல் டக்ளஸைப் போயிங் வாங்கியது. 1990களில் 51 ஆக இருந்த, அரசோடு நேரடியாக ஒப்பந்தம் போடும் முதன்மை நிறுவனங்கள் இன்று 5. இதைச் சந்தைப் போட்டி செய்த வேலை என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளர் 'சேருங்கள்' என்றார், சேர்ந்தார்கள். 1998-ல் லாக்ஹீட் மார்ட்டின் நார்த்ராப் கிரம்மனையும் வாங்கப் போனபோது அதே அரசாங்கம் 'போதும்' என்று வழக்குப் போட்டது. சில மாதங்களில் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

இப்போது எதிர்ப்பக்கம். 'போர் வந்தால் கொண்டாட்டம்' என்கிறார்களே, அதை ஜெர்மனியில் வைத்துப் பார்ப்போம். உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது 2022 பிப்ரவரி 24. மூன்று நாள் கழித்து அப்போதைய ஜெர்மானிய அரசாங்கத் தலைவர் (சான்சலர்) ஓலாஃப் ஷோல்ஸ் ராணுவத்துக்காக 100 பில்லியன் யூரோ சிறப்பு நிதியை அறிவித்தார். படையெடுப்புக்கு முன் 100 யூரோவுக்கும் கீழே இருந்த ரைன்மெட்டால் ஆயுத நிறுவனத்தின் பங்கு, 2025 மார்ச்சில் 1,000 யூரோவைத் தாண்டியது. சரி, கொண்டாட்டம்தானே என்று கேட்கலாம்.

ஆனால் உன்டர்லூஸ் என்ற ஊரில் அந்த நிறுவனம் புதிய பீரங்கிக் குண்டு ஆலைக்கு அடிக்கல் நாட்டியது 2024 பிப்ரவரியில். போர் தொடங்கி இரண்டு ஆண்டு கழித்து! அவசரம் எல்லோருக்கும் தெரிந்திருந்தும் ஏன் அவ்வளவு நாள்? ஓர் ஆலை பல பத்தாண்டு ஓட வேண்டும். இந்த ஆண்டு மட்டும் குண்டு வேண்டும் என்கிற வாடிக்கையாளரை நம்பி யாரும் ஆலை கட்ட மாட்டார்கள். சித்தியின் குவாலிதான். அரசாங்கம் பல ஆண்டு வாங்குவேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் செங்கல் எழும்பும். அதனால் போரைவிட ஒப்பந்தத்தின் நீளம்தான் கம்பெனிக்கு முக்கியம்.

யார் தலையில் நட்டம்?

இரண்டாவது வழி, ஒப்பந்தம் எழுதப்படும் விதம். கல்யாணச் சமையலுக்கு ஆள் பிடித்த யாருக்கும் இது தெரியும். "சாமான் நீங்களே வாங்கிக் கொடுங்கள், எனக்குக் கூலி மட்டும்" என்பார் ஒருவர். "இலைக்கு இவ்வளவு, மற்றதெல்லாம் என் பொறுப்பு" என்பார் இன்னொருவர். முதல்வகையில் வெங்காய விலை ஏறினால் நட்டம் கல்யாண வீட்டுக்கு. இரண்டாவதில் சமையல்காரருக்கு.

ஆயுத ஒப்பந்தமும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும் கலந்தது. ஆகிற செலவைக் கொடுத்து, மேலே ஒரு லாபமும் கொடுப்பது செலவுடன் லாப ஒப்பந்தம். முன்பே ஒரே விலை பேசி முடிப்பது நிலையான விலை ஒப்பந்தம். முதலாவதில் கம்பெனி துணிந்து புதிய தொழில்நுட்பத்தில் இறங்கும். ஆனால் செலவைக் குறைக்க அதற்கு அவசரம் இருக்காது. இரண்டாவதில் மக்களின் பணம் காப்பாற்றப்படுவதுபோல் தெரியும். ஆனால் இதுவரை யாரும் செய்து பார்க்காத பொருளுக்கு அப்படி விலை பேசினால் ஆபத்து கம்பெனியின் தலையில்.

போயிங்கைக் கேளுங்கள். 2011-ல் அமெரிக்க விமானப்படைக்கு வானிலேயே எரிபொருள் நிரப்பும் கேசி-46 விமானத்தை உருவாக்க 4.9 பில்லியன் டாலருக்கு நிலையான விலையில் ஒப்புக்கொண்டது. அந்தத் திட்டத்தில் அதற்கு இதுவரை ஏற்பட்ட நட்டம் 7 பில்லியன் டாலருக்கும் மேல். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. வடிவமைப்பே முடியாத பொருளுக்கு நிலையான விலை கேட்டால், பெரிய கம்பெனிகள் இப்போது டெண்டர் போடவே தயங்குகின்றன. ஒப்பந்தத்தின் ஒரு வரி, எந்தக் கம்பெனி போட்டிக்கு வரும், எது ஒதுங்கும் என்பதையே மாற்றிவிடுகிறது.

விமானம் வாங்கினோம், விண்வெளிக்குப் போனோம்

இனி வரும் விஷயம்தான் நம் நாட்டை நேரடியாகத் தொடுவது. என் கணிப்பில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

2007 அக்டோபர் 10-ஆம் தேதி டாக்டர் ஷேக் முஸாபார் சோயூஸ் விண்கலத்தில் ஏறி அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போனார். நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. அந்தப் பயணச்சீட்டு எப்படிக் கிடைத்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 2003-ல் மலேசியா ரஷ்யாவிடம் 18 சுகோய் போர்விமானங்களை வாங்க ஒப்பந்தம் செய்தது. ஏறக்குறைய 900 மில்லியன் டாலர். அந்தக் கொள்முதலின் ஒரு பகுதியாகத்தான் ஒரு மலேசியருக்கு விண்வெளிப் பயிற்சியும் பயணமும் கிடைத்தன.

இப்படி, 'உன்னிடம் நான் இவ்வளவு பெரிய பொருளை வாங்குகிறேன், பதிலுக்கு என் நாட்டுக்கு நீ இதைச் செய்ய வேண்டும்' என்று வாங்கும் நாடு போடும் நிபந்தனைக்கு ஈட்டுக் கடமை என்று பெயர் வைத்துக்கொள்வோம். துறையில் உள்ளவர்கள் ஆஃப்செட் என்பார்கள். நம் அரசாங்கத்தில் இது இன்று தொழில் ஒத்துழைப்புத் திட்டம் என்ற பெயரில் நடக்கிறது. இதைக் கவனித்துக்கொள்ள நிதி அமைச்சின் கீழ் தனி அமைப்பும் உண்டு. பதில் என்பது பயிற்சியாக இருக்கலாம், உதிரிப்பாகம் செய்யும் வேலையாக இருக்கலாம், தொழில்நுட்பமாக இருக்கலாம். இதற்குப் பக்கத்து வீட்டு ஏற்பாடு பண்டமாற்று: 2003-லேயே போலந்திடம் 48 டாங்கிகளை வாங்கியபோது விலையின் ஒரு பகுதியைச் செம்பனை எண்ணெயாகக் கொடுத்தோம். தோட்டத்தில் குலை வெட்டிய நம் ஆட்களின் உழைப்பு எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறையும், வலிக்கவும் செய்யும்.

இந்த நிபந்தனை வெளிநாட்டுக் கம்பெனியை என்ன செய்கிறது? நல்ல விமானம் செய்தால் மட்டும் போதாது என்றாகிறது. விமானத்தை எந்தெந்தத் துண்டாகப் பிரித்து எந்த நாட்டில் செய்ய வைக்கலாம் என்று முதல் நாளிலிருந்தே யோசிக்கிறது. டெண்டர் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உள்ளூர்க் கூட்டாளியைத் தேடுகிறது. ஏர்பஸ்ஸின் ஏ400எம் சரக்கு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் மலேசியா நான்கு விமானங்களுக்குக் கையெழுத்திட்டது. அதன் பாகங்களைச் செய்யும் வேலை மலாக்காவில் பத்து பெரெண்டாமில் உள்ள சிடிஆர்எம் நிறுவனத்துக்கு வந்தது. கரியிழைப் பலகைகளில் விமான உறுப்புகளைச் செய்யும் அந்தத் திறமை, பயணிகள் விமான வேலைக்கும் அந்நிறுவனத்துக்குக் கைகொடுக்கிறது.

இன்னொரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பகாங்கில் பெக்கானில் உள்ள டெஃப்டெக் ஆலையில் தயாரான கெம்பிதா என்ற எட்டுச் சக்கரக் கவசவண்டியை மெர்டேக்கா அணிவகுப்பில் பார்த்திருப்பீர்கள். 2011-ல் 257 வண்டிகளுக்குச் சுமார் 7.55 பில்லியன் ரிங்கிட் ஒப்பந்தம். அதன் மூல வடிவம் துருக்கியின் எஃப்என்எஸ்எஸ் நிறுவனத்துடையது. அந்தத் துருக்கி நிறுவனம் எப்படிப் பிறந்தது? 1974 சைப்ரஸ் சண்டைக்குப் பிறகு 1975-ல் அமெரிக்கா துருக்கிக்கு ஆயுதம் கொடுப்பதை நிறுத்தியது. அந்த அடியை வாங்கிய துருக்கி, இனி எதை வாங்கினாலும் நம் மண்ணில் செய்ய வேண்டும் என்ற பாதையில் இறங்கியது. அதே 1975-ல் மின்னணுக் கருவிகளுக்காக அசெல்சான் நிறுவப்பட்டது. 1980களின் கடைசியில், ராணுவத்துக்குக் கவசவண்டி வேண்டுமானால் உள்ளூர் நிறுவனத்தோடு கூட்டுச் சேர் என்ற நிபந்தனையின் பேரில் ஓர் அமெரிக்க நிறுவனமும் ஒரு துருக்கி நிறுவனமும் இணைந்து எஃப்என்எஸ்எஸ்ஸைத் தொடங்கின. அதாவது, தானே ஒரு நாட்டின் நிபந்தனையால் பிறந்த கம்பெனி, இருபது ஆண்டு கழித்து நம்மிடம் வந்து "உங்கள் ஊரிலேயே சேர்ந்து செய்யலாம்" என்றது. தான் கற்ற பாடத்தையே அது சரக்காக விற்றது. 2024-ல் நம் கடற்படைக்கு மூன்று கப்பல்கள் கட்டவும் துருக்கியோடுதான் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஈட்டுக் கடமை இலவசம் கிடையாது. எந்த வியாபாரியும் அந்தச் செலவைப் பொருளின் விலையில் எங்காவது ஏற்றித்தான் வைப்பார். அது லாபமா நட்டமா என்பது, கற்றுக்கொண்ட கைகளுக்கு அடுத்த வேலை வருகிறதா என்பதைப் பொறுத்தது. ஒரு ஒப்பந்தத்துக்காகப் பயிற்சி பெற்ற வெல்டர், ஒப்பந்தம் முடிந்ததும் சிங்கப்பூருக்குப் பேருந்து ஏறினால், நாட்டுக்கு மிஞ்சியது என்ன?

சுருக்கமாகச் சொன்னால்: பணம் எவ்வளவு, ஒப்பந்தம் எந்த மாதிரி, பதிலுக்கு என்ன நிபந்தனை. இந்த மூன்றும் சேர்ந்து கம்பெனியின் அளவு, துணிச்சல், கூட்டாளி ஆகியவற்றைத் தீர்மானிக்கின்றன.

மறுபடியும் லுமுட்

இப்போது தேநீர்க் கடைப் பேச்சுக்குத் திரும்பலாம். லுமுட் கதை 2022-ல் தொடங்கவில்லை. 1990களின் கடைசியில் அரசாங்கம் 27 ரோந்துக் கப்பல்கள் கட்டும் பெரிய திட்டத்தைப் போட்டது. ஜெர்மானிய வடிவம், உள்ளூர்த் தளம். 27 கப்பல் என்றால் ஒரு தலைமுறைக்கு வேலை. ஆள் சேர்க்கலாம், கற்றுக்கொள்ளலாம், முதல் கப்பலில் செய்த தப்பைப் பத்தாவதில் திருத்தலாம். கடைசியில் கட்டப்பட்டவை 6. அதுவும் அந்தத் தளம் இடையில் நொடித்து, கை மாறி, 2005-ல் வேறு குழுமம் எடுத்த பிறகுதான் முடிந்தது. 27 கப்பலுக்கு வாங்கிய குவாலியில் 6 கப்பலுக்குச் சமைத்த கதை.

அதே தளத்துக்குத்தான் 2011-ல் அடுத்த ஆறு போர்க்கப்பல்களும் நேரடிப் பேச்சின் வழியே, திறந்த டெண்டர் இல்லாமல், கொடுக்கப்பட்டன. உள்ளூர்த் திறமையைக் காப்பாற்றுவது கொள்கை. நோக்கம் நல்லதுதான், நானும் அதை மதிக்கிறேன். ஆனால் போட்டியில்லாமல் வேலை கிடைக்கும் என்று தெரிந்த நிறுவனத்துக்கு எதில் கவனம் போகும்? கப்பலை நேரத்துக்கு முடிப்பதிலா, அடுத்த ஒப்பந்தத்துக்கான கதவைத் திறந்து வைப்பதிலா? பயன்படுத்தப் போகிற கடற்படை விரும்பியது ஒரு வடிவம், தேர்ந்தெடுக்கப்பட்டது இன்னொன்று என்று பொதுக் கணக்குக் குழு எழுதியது. இந்த ஒப்பந்தப் பணத்தில் 400 மில்லியன் ரிங்கிட் பழைய ரோந்துக் கப்பல் திட்டத்தின் கடனை அடைக்கப் போனது என்றும் அதே குழு சொன்னது. ஒரு கொள்கை பாதியில் நின்றதன் கடனை அடுத்த கொள்கையின் பணம் அடைத்திருக்கிறது.

2023-ல் ஆறு கப்பல் ஐந்தாகக் குறைந்தது, செலவு 11.22 பில்லியன் ரிங்கிட்டாக உயர்ந்தது. அரசாங்கமே தளத்தைத் தன் கைக்கு எடுத்துப் பெயரையும் மாற்றியது. தவறு செய்தவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் நாளை வேறு நல்ல மனிதர்களை அங்கே உட்கார வைத்தாலும், '27 என்று சொல்லி 6-ல் நிறுத்துவது, போட்டியில்லாமல் கொடுப்பது, பயன்படுத்துபவரைக் கேட்காமல் வாங்குவது' என்ற மூன்று பழக்கமும் மாறாவிட்டால் அவர்களும் திணறுவார்கள்.

கம்பெனிகள் அரசாங்கத்தை ஆட்டுவதே இல்லையா என்று கேட்டால், அதுவும் உண்டு. எஃப்-35 போர்விமானத்தின் உதிரிப்பாக வேலையை லாக்ஹீட் மார்ட்டின் அமெரிக்காவின் 45-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரப்பி வைத்திருக்கிறது. எந்த மாநில உறுப்பினர் அந்தத் திட்டத்தை வெட்டக் கை தூக்குவார்? ஆனால் இதுவும் பட்ஜெட்டை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் கையில் வைத்திருக்கும் அமைப்புக்குக் கம்பெனி கண்டுபிடித்த பதில்தான்.

பட்டர்வொர்த் வானத்திலும் பாயான் லெப்பாஸ் மேசையிலும்

கடைசி வழி, யாருக்கு விற்கலாம் என்ற அனுமதி.

விமானப்படைத் தளம் உள்ள பட்டர்வொர்த்தில் வளர்ந்தவர்களுக்கு ஹார்னெட் போர்விமானத்தின் சத்தம் தெரியும். வகுப்பில் ஆசிரியர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, சத்தம் போன பிறகு தொடர்வார். 1997-ல் அமெரிக்காவிடமிருந்து வந்த எட்டு விமானங்கள் அவை. நம் விமானப்படை அதே வகையைப் பழைய நிலையில் குவைத்திடமிருந்து வாங்க விரும்பியபோது, விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்டால் போதாது, அமெரிக்காவும் சம்மதிக்க வேண்டும் என்ற நிபந்தனை குறுக்கே வந்தது. மலிவுவிலை வீடு வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. வீடு நம்முடையதுதான், பட்டா நம் பெயரில்தான், ஆனால் விற்க வேண்டுமானால் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஆயுதமும் அப்படித்தான்: முதலில் செய்த நாட்டின் கை அதை விட்டு எடுபடுவதே இல்லை. வாங்கியவர் அதை அனுமதியில்லாமல் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதிக்கு இறுதிப் பயனர் சான்றிதழ் என்று பெயர்.

இந்தக் கையால் ஒரு கம்பெனியை வெளியே தள்ளவும் முடியும். எஃப்-35 விமானத்துக்குத் துருக்கி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான பாகங்களைச் செய்துகொண்டிருந்தன. 2019-ல் ரஷ்யாவிடமிருந்து எஸ்-400 ஏவுகணைகளைத் துருக்கி வாங்கியதும் அமெரிக்கா அந்நாட்டைத் திட்டத்திலிருந்து நீக்கியது. அந்தப் பாகங்களைக் கடைந்த தொழிலாளர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இது ஆயுதக் கம்பெனிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பாயான் லெப்பாஸில் 1972-ல் தொடங்கிய தடையற்ற தொழில் வட்டாரம்தான் பினாங்கை மின்னணுச் சில்லுகளின் ஊராக்கியது. இன்று உலகச் சில்லுகளைப் பொருத்தும், சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அந்தச் சில்லு சலவை இயந்திரத்துக்கும் போகலாம், ஏவுகணைக்கும் போகலாம். இப்படி இரண்டுக்கும் உதவும் சரக்கு இருபயன் பொருள். இவற்றை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தத்தான் நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் வியூக வாணிபச் சட்டம் இருக்கிறது. 2025 ஜூலை 14 முதல், அமெரிக்காவில் உருவான உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை இங்கிருந்து வெளியே அனுப்பவும் அனுமதி தேவை.

என் அக்கா மகன் அங்கே ஒரு சிறிய ஆலையில் வேலை செய்கிறான். உலோகப் பாகங்களைத் துல்லியமாகக் கடைந்து கொடுப்பது அவர்கள் தொழில். முப்பது பேர், நான்கு இயந்திரங்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டு நிறுவனம் நல்ல விலைக்கு ஒரு பாகம் கேட்டது. கட்டைவிரல் அளவில் ஒரு வளையம். வரைபடத்தோடு ஒரு படிவமும் வந்தது: 'இப்பொருளின் இறுதிப் பயன் என்ன?' வாடிக்கையாளர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். அவன் என்னிடம் தொலைபேசியில் கேட்டான், "சின்னம்மா, இது பம்புக்கா, பீரங்கிக்கா? தெரியாமல் எப்படி அனுப்புவது?"

முதலாளி அமைச்சுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். அந்த வேலைக்கென்று இன்னொரு கடைசல் இயந்திரம் வாங்க வங்கியில் கடனுக்கும் பேசி வைத்திருக்கிறார். பதில் வரும்வரை கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை.